கருவுடை உயிர்களின் பெருங்குலங்கள்

பலவாய் விரவிக் கிடக்கும் பொருள்களை இனம்பிரித்து, ஒப்பனவற்றை ஒருங்கு வைத்து, ஒவ்வாதனவற்றை வேறு நிறுத்தி அறிதல் மக்களறிவின் முதற்றொழிலாகும். வாணிகன் தன் கடைச் சரக்கை வகுத்து வைக்கின்றான். நூல்நிலையத்தார் நூல்களை வகுத்து வைக்கின்றனர். இலக்கண நூலார் சொற்களைப் பெயரென்றும் வினையென்றும் இடையென்றும் உரியென்றும் வகுத்தனர். வகுத்தல் இல்லையேல் அறிவு வளர்தலும் இல்லை. ஆயினும், அவ்வகுப்பு எதனை அடிப்படையாகக் கொண்டது என்னும் வினா எஞ்சி நிற்கும். நூல்களை அட்டையின் நிறம் நோக்கியும் அடுக்கலாம்; உள்ளிருக்கும் பொருள் நோக்கியும் அடுக்கலாம். முன்னையது கண்ணுக்கு இனிது. பின்னையது கற்பார்க்குப் பயன்படுவது. உயிர்களை வகுக்கப் புகுந்த நூலாரும் நெடுங்காலம் அட்டையின் நிறத்தையே நோக்கி நின்றனர். அண்மைக் காலத்திலேதான் ஏட்டைப் புரட்டிப் பார்க்கத் தொடங்கினர். அதனால் விளைந்த மாறுதல்கள் யாவை, அவற்றால் மக்கட்கு ஆய பயன் யாது என்பனவே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருளாகும்.

பண்டையோர் பகுப்பு

தமிழ்நூல்களுள் தொன்மை வாய்ந்த தொல்காப்பியம், மரபியலில் உயிர்களைப் புலனறிவு பற்றி ஆறு வகையாகப் பகுத்துரைக்கின்றது. புல்லும் மரமும் ஓரறிவுயிர், நந்தும் முரளும் ஈரறிவுயிர், சிதலும் எறும்பும் மூவறிவுயிர், நண்டும் தும்பியும் நாலறிவுயிர், விலங்கினம் ஐயறிவுயிர், மக்கள் ஆறறிவுயிர் என்பது அதன் முறை. கிரேக்க தேசத்து அறிஞராகிய அரிஸ்டாட்டில் விலங்குகளை இரத்தமுடையன, இரத்தமில்லாதன என இருபாற் படுத்தினர். அவர்பாற் பயின்ற தியோபிராஸ்டஸ் தாவரங்களை மரம், புதர், பூண்டு என்றிவ்வாறு வகுத்தனர். இவை யாவும் உயிர்களின் இயல்பையும் தோற்றத்தையும் பற்றிய பகுப்புக்களே. ஓருயிர் மற்றோருயிருக்கு எவ்வகை உறவுடையது என்பது பற்றியன அல்ல.

ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1735-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இயற்கைப் பொருள்களைக் கல், தாவரம், விலங்கு என மூன்று இராச்சியங்களாக்கினர். ஆகவே உயிருடையன இரண்டே இராச்சியங்களில் அடங்கின. இன்றும் நம்மிற் பலர், உயிரென்றால் ஒன்று செடிகொடி, அன்றேல் விலங்கு என்றே எண்ணுகின்றோம்.

ஆனால் அவர்க்கு அறுபது ஆண்டுகட்கு முன்னரே இப்பகுப்பிற்கு அடங்காத உயிர்கள் மக்கள் கண்ணிற் பட்டுவிட்டன. ஹாலந்து தேசத்துத் துணி வணிகராகிய லீயுவென்ஹூக் என்பார், தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லைகளைக் கொண்டு 1674-ஆம் ஆண்டில் ஓர் ஏரி நீரை நோக்கியபொழுது, அதனுள் எண்ணிறந்த சிற்றுயிர்கள் ஓடித் திரிவதைக் கண்டு வியந்தனர். பிற்காலத்தார் அவற்றை ஆராயுந்தோறும் ஐயம் பெருகிற்று. யூக்லினா என்னும் குளத்துச் சிற்றுயிர் இலைபோற் பசுமையுடையது. வெயிலிலே தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்வது. அதுவே கசைபோன்ற ஓரிழையைச் சுழற்றி விலங்குபோல் நீந்துவது. அதனைத் தாவரமென்பதா, விலங்கென்பதா? தாவர நூலார் தம்முடையதென்றனர். விலங்கு நூலாரும் தம்முடையதென்றனர். ஒரே உயிர் இரண்டு நூல்களிலும் இடம்பெற்றது. இவ்வழக்கைத் தீர்க்கும்பொருட்டு ஜெர்மானிய அறிஞராகிய ஹெக்கல் 1866-ஆம் ஆண்டில் புரோட்டிஸ்டா என்னும் மூன்றாம் இராச்சியம் ஒன்றை நிறுவினர்.

அணுவும் கருவும்

இதற்கிடையே மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. ராபர்ட் பிரௌன் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் 1831-ஆம் ஆண்டில் ஆர்க்கிட் என்னும் செடியின் உயிரணுக்களை ஆராய்ந்து, ஒவ்வோர் அணுவினுள்ளும் உருண்டையான கரு ஒன்றிருத்தலைக் கண்டு அதற்குப் பெயரிட்டனர். தாவரங்கள் உயிரணுக்களாலாயவை என்று ஷ்லைடன் 1838-லும், விலங்குகளும் அவ்வாறே என்று ஷ்வான் 1839-லும் உரைத்தனர். ஆயினும் எல்லா உயிரணுவினும் கரு உண்டோவெனின், இல்லை. பாக்டீரியாக்களில் அஃதில்லை. 1925-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞராகிய ஷட்டான் இவ்வேற்றுமையைக் குறிக்கும் பெயர்களை முதன்முதல் ஆண்டனர். கருவில்லாதன புரோக்கேரியோட்டு, செவ்விய கருவுடையன யூக்கேரியோட்டு.

கருவுடைய அணுவை ஒரு பெரிய வீட்டிற்கு ஒப்பிடலாம். அவ்வீட்டின் குடிவழியைக் கூறும் ஏடுகளெல்லாம் தனியறை ஒன்றிற் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன; அவ்வறையே கரு. உணவை எரித்து ஆற்றல் விளைக்கும் அடுக்களை ஒன்று உண்டு; அது மைட்டோகாண்டிரியா எனப்படும். செடிகளில் வெயிலை உணவாக்கும் வேறோர் அறையும் உண்டு, அது பசுங்கணிகம். இவ்விரு பகுதிகளும் ஒரு காலத்தில் வெளியே தனித்து வாழ்ந்த பாக்டீரியாக்களே என்பது வியப்பிற்குரியது. ஆதியில் ஓரணு மற்றொன்றைத் தன்னுள் ஏற்றது. ஏற்கப்பட்டது அழியாமல் உள்ளேயே குடியேறிற்று. விருந்தாக வந்தது வீட்டாருள் ஒருவராயிற்று. பசுங்கணிகத்தைப் பற்றி இக்கருத்தை 1905-ஆம் ஆண்டில் ருஷிய அறிஞராகிய மெரெஷ்கோவ்ஸ்கி உரைத்தபொழுது பலர் ஒப்பவில்லை. 1967-ஆம் ஆண்டில் அமெரிக்க அம்மையாராகிய லின் மார்குலிஸ் அதனை விரித்து நிலைநாட்ட முயன்றனர். இவ்விரு பகுதிகட்கும் தமக்கென டி. என். ஏ. உண்டென்பதும், அது பாக்டீரியாக்களின் டி. என். ஏ.வையே ஒத்திருக்கின்றதென்பதும் பின்னர் நன்கு தெளியப்பட்டன.

அற்றேல், பாக்டீரியாவை ஏற்றுக்கொண்ட முதல்வன் யார்? ஆர்க்கியா என்னும் கருவிலா உயிர்களின் கிளையொன்றைச் சார்ந்தவன் என்பது இக்காலத்தார் துணிபு. 2015-ஆம் ஆண்டில் ஆர்க்டிக் கடலடிச் சேற்றிற் கிடைத்த டி. என். ஏ.வைக் கொண்டு லோக்கி ஆர்க்கியா என்பதொரு கூட்டம் அறியப்பட்டது. கருவுடை உயிர்கட்கே உரியவென்று எண்ணப்பட்டிருந்த ஜீன்கள் சில அதனிடம் காணப்பட்டன. அவ்வினத்தைச் சார்ந்த ஓருயிரை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் காட்ட ஜப்பானிய விஞ்ஞானிகள் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து, அதன் விவரத்தை 2020-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பொறுமை விஞ்ஞானத்தின் முதற்கருவி என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டா.

ஐந்து இராச்சியங்கள்

அமெரிக்க அறிஞராகிய கோப்லண்டு 1938-ஆம் ஆண்டில் உயிர்களை நான்கு இராச்சியங்களாக்கினர். அவர்க்குப் பின் விட்டேக்கர் என்பார் 1969-ஆம் ஆண்டில் காளானினத்தைத் தனி இராச்சியமாக வைத்து, மொனிரா, புரோட்டிஸ்டா, காளான், தாவரம், விலங்கு என ஐந்தாக வகுத்தனர். இவ்வைந்தும் பள்ளிப் பாடநூல்களிற் பல்லாண்டு வேரூன்றி நின்றன. கற்பிப்பார்க்கும் கற்பார்க்கும் இது மிக எளிது. காளான் மண்ணினின்று முளைத்தலால் அதனைத் தாவரமென்றே கொண்டிருந்த பழங்கொள்கை இதனால் நீங்கியதும் நன்றே.

ஆயினும் புரோட்டிஸ்டா என்பது யாது? தாவரமும் ஆகாமல், விலங்கும் ஆகாமல், காளானும் ஆகாமல் எஞ்சிய கருவுடை உயிர்களெல்லாம் புரோட்டிஸ்டா. வீட்டிலே வேறிடம் காணாத பொருள்களையெல்லாம் பரணிற் போட்டு வைப்பது போன்றது இது. பரணிற் கிடப்பன யாவும் ஒருவர்க்கொருவர் உறவினரென்று கூறலாமோ? அமீபாவும், மலேரியாக் கிருமியும், கடலிற் படர்ந்து வளரும் பழுப்புப் பாசியும் ஒரே கூட்டத்தில் வைக்கப்பட்டதற்குக் காரணம், அவற்றிற்குள் உறவு உண்டென்பதன்று. அவற்றிற்கு வேறிடம் இல்லை என்பதே.

சுவடி ஒப்புநோக்கும் முறை

உறவை அறியும் வழி யாது? நம் நாட்டுச் சுவடி ஆராய்ச்சியைக் கொண்டு இதனை விளக்குவாம். ஒரு நூலுக்குப் பத்து ஏட்டுச்சுவடிகள் கிடைக்கின்றன எனக் கொள்வோம். பெயர்த்தெழுதுவோர் கைப்பிழையாற் சில எழுத்துக்கள் மாறியிருக்கும். மூன்று சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை காணப்படின், அம்மூன்றும் அப்பிழையுடைய ஒரு தாய்ச்சுவடியைப் பார்த்து எழுதப்பட்டன என்று பதிப்பாசிரியர் முடிவு செய்வர். இவ்வாறு பிழைகளின் ஒற்றுமையைக் கொண்டே சுவடிகளின் குடிவழியை வரைந்து காட்டலாம்.

டி. என். ஏ.வும் ஓர் ஏடே. நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்டு, தலைமுறைதோறும் பெயர்த்தெழுதப்படுவது. அதனிடத்தும் எழுத்து மாற்றங்கள் நேரும். அம்மாற்றங்கள் வழித்தோன்றல்களுக்குச் செல்லும். ஆகவே இரண்டு உயிர்களின் ஜீன்களை எழுத்தெழுத்தாக ஒப்புநோக்கின் அவற்றின் உறவு புலனாகும். அமெரிக்கராகிய கார்ல் ஊஸ் என்பாரும் அவருடன் உழைத்த ஜார்ஜ் பாக்ஸ் என்பாரும், எல்லா உயிர்களிடத்தும் உள்ள ரைபோசோமின் ஆர். என். ஏ.வை ஒப்புநோக்கி, பாக்டீரியாவினின்றும் ஆர்க்கியா வேறானது என்று 1977-ஆம் ஆண்டில் அறிவித்தனர். 1990-ஆம் ஆண்டில் உயிருலகு முழுதும் பாக்டீரியா, ஆர்க்கியா, யூக்கேரியா என மூன்று பேரரசுகளாகப் பகுக்கப்பட்டது.

இம்முறையிலும் இடுக்கண் உண்டு. மிகப் பிழைபட எழுதுவோன் ஒருவன் பெயர்த்த சுவடி, ஏனைய எல்லாச் சுவடிகளினின்றும் வேறுபட்டுக் காணும். அதனைக் கண்டவர், இது மிகப் பழைய பாடம் போலும் என்று மயங்குதல் கூடும். உயிர்நூலிலும் இம்மயக்கம் நேர்ந்தது. கியார்டியா, மைக்ரோஸ்போரிடியா முதலிய சில ஒட்டுண்ணிகளிடத்து மைட்டோகாண்டிரியா காணப்படவில்லை. அவற்றின் ஜீன்களும் ஏனையவற்றினின்று மிக விலகியிருந்தன. எனவே, மைட்டோகாண்டிரியா குடியேறுதற்கு முன்னரே பிரிந்த ஆதிக்குடிகள் இவை என்று ஆங்கில அறிஞராகிய கவாலியர் ஸ்மித் 1983-ஆம் ஆண்டில் கருதினர். பிற்கால ஆராய்ச்சியில் இவற்றினுள்ளும் மைட்டோகாண்டிரியாவின் சுருங்கிய எச்சங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. கியார்டியாவில் 2003-ஆம் ஆண்டில் அவை காணப்பட்டன. மைக்ரோஸ்போரிடியா ஆதிக்குடியன்று, காளானினத்தின் நெருங்கிய உறவினமே என்பதும் தெளிவாயிற்று. ஒட்டுண்ணி வாழ்க்கையிற் புகுந்தபின், வேண்டாத தட்டுமுட்டுக்களை விற்றுத் தீர்த்த குடும்பம் அது. இல்லாமை வேறு, இழந்தமை வேறு என்னும் பாடத்தை விஞ்ஞானிகள் இதனாற் கற்றனர். அதுமுதல் ஓரிரண்டு ஜீன்களை நம்பாது, நூற்றுக்கணக்கான ஜீன்களை ஒருங்கே ஒப்புநோக்கும் முறை வழக்கத்திற்கு வந்தது.

பெருங்குலங்கள்

2005-ஆம் ஆண்டில் புரோட்டிஸ்டு நூலாரின் சர்வதேசச் சங்கத்தார், கருவுடை உயிர்களையெல்லாம் ஆறு பெருங்குலங்களாக வகுத்து வெளியிட்டனர். 2012-லும் 2019-லும் அது திருத்தப்பட்டது. இக்காலத்தார் ஒப்பும் பெருங்குலங்களுள் முதன்மையானவற்றை ஒருவாறு கூறுவாம்.

முதலாவது, ஒபிஸ்தோகாண்டா. இப்பெயர்க்குப் பின்னிழையுடையவை என்பது பொருள். இக்குலத்தார் நீந்தும் அணு, கசையிழையைப் பின்னே வைத்துச் செலுத்திக்கொண்டு முன்செல்லும். விலங்குகளும் காளான்களும் இக்குலத்தன. ஆகவே மக்களாகிய நாமும், யானையும், எறும்பும், மழைக்காலத்து முளைக்கும் காளானும், ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்டும் ஒரே குலத்தினர். காளான் செடிக்கு உறவென்று கருதினோம். அது நமக்கே உறவாயிற்று. 1993-ஆம் ஆண்டில் வெளிவந்த ஜீன் ஆராய்ச்சிகள் இதனை வலியுறுத்தின. காளான் நோய்கட்கு மருந்து காண்டல் அரிதாயிருத்தற்கும் இவ்வுறவு ஒரு காரணமாம். அதன் அணுவைக் கொல்லும் பொருள் நம் அணுவையும் வருத்துமன்றோ?

இரண்டாவது, அமீபோசோவா. பொய்க்கால் நீட்டி ஊரும் அமீபாக்கள் பலவும், சீதபேதியை விளைக்கும் எண்டமீபாவும், மழை நனைத்த மரக்கட்டைகளில் மஞ்சள் நிறமாய்ச் சளிபோற் படரும் உயிர்களும் இதனைச் சார்ந்தவை. இக்குலம் ஒபிஸ்தோகாண்டாவிற்கு அண்மையது. இரண்டனையும் உள்ளடக்கிய பெருங்கூட்டத்தை அமார்பியா என்பர்.

மூன்றாவது, ஆர்க்கேபிளாஸ்டிடா. பசுங்கணிகமாக மாறிய பாக்டீரியாவை நேரே தன்னுள் ஏற்ற குலம் இது. செம்பாசி, பச்சைப்பாசி, கிளாக்கோபைட்டு என்னும் நீலப்பசுமைச் சிற்றினம் ஆகியன இதன் கிளைகள். பச்சைப்பாசியின் வழியிலே நிலத்துச் செடிகளெல்லாம் தோன்றின. புல்லும் நெல்லும் பனையும் ஆலும் இக்குலத்தனவே. கனடாவின் வடகோடியிற் கிடைத்த செம்பாசியின் கற்பதிவு ஏறத்தாழ 105 கோடி ஆண்டுப் பழமையுடையதென்று கணித்துள்ளனர். ஆதலின் இக்குலங்கள் பிரிந்தது அதற்கும் முன்னரே என்பது பெறப்படும்.

நான்காவது, டிசார் எனப்படுவது. டெலோனீமியா, ஸ்ட்ராமினோபைல், ஆல்வியோலேட்டு, ரைசேரியா என்னும் நான்கு கூட்டங்களின் முதலெழுத்துக்களைக் கோத்து ஆக்கிய பெயர் இது. கருவுடை உயிரினங்களுட் பாதியளவு இதனுள் அடங்குதல் கூடுமென்று கூறுவர். ஸ்ட்ராமினோபைல் என்பதில், கண்ணாடிச் சிமிழ் போன்ற ஓடுடைய டையாட்டம் என்னும் சிற்றுயிர்கள் உள. உலகில் நிகழும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு இவற்றாலாவது. நூறடிக்கு மேலும் நீண்டு வளரும் பழுப்புப் பாசிகளும் இக்கூட்டத்தனவே. ஆல்வியோலேட்டு என்பதில் பரமீசியமும் மலேரியாக் கிருமியும் உள. ரைசேரியா என்பதில் சுண்ணாம்போடுடைய பொராமினிபெரா அடங்கும். எகிப்தியக் கூர்ங்கோபுரக் கற்களில் அவ்வோடுகள் பதிந்து கிடத்தலை இன்றும் காணலாம்.

ஐந்தாவதும் ஆறாவதுமாக ஹாப்டிஸ்டா, கிரிப்டிஸ்டா என்னும் சிறு குலங்களைக் கூறலாம். இங்கிலாந்தின் தென்கரையில் வெண்சுவர் போல் நிற்கும் சுண்ணக் குன்றுகள், ஹாப்டிஸ்டாவைச் சார்ந்த நுண்பாசிகளின் ஓட்டுத் துகள்கள் படிந்து ஆனவை.

ஏழாவது, டிஸ்கோபா. முன்னே கூறிய யூக்லினா இதனைச் சார்ந்தது. எட்டாவது, மெட்டமோனாடா, கியார்டியா இதனது. இவ்விரண்டனையும் முன்னர் எக்ஸ்கவாட்டா என ஒரே குலமாக்கியிருந்தனர். உறவு உறுதிப்படாமையின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அப்பெயர் கைவிடப்பட்டது. குரோமால்வியோலேட்டா என்னும் மற்றொரு குலப்பெயரும் முன்பே 2012-ல் நீக்கப்பட்டது. என்னை? அது பெரிதும் பசுங்கணிகத்தின் ஒற்றுமை கொண்டு கட்டப்பட்டது. பசுங்கணிகமோ கைம்மாறிச் செல்லக்கூடிய பொருள். செம்பாசியொன்றை வேறோருயிர் விழுங்கித் தன் பசுங்கணிகமாக்கிக் கொள்ளும். இவ்வாறு பெற்ற பசுங்கணிகம் சிப்பத்துள் வைத்த சிப்பம் போல் மூன்று நான்கு உறைகளாற் சூழப்பட்டிருக்கும். பிறர்பாற் பெற்ற அணிகலனைக் கண்டு ஒருவனது குடிப்பிறப்பை முடிவு செய்தல் பொருந்தாதன்றோ?

இன்னும் தனித்து நிற்கும் சிறு குலங்கள் சில உள. இவையெல்லாவற்றிற்கும் வேரிடம் எது என்னும் வழக்கும் முற்றும் தீர்ந்தபாடில்லை.

பெயர் ஒன்று, பிறப்பு வேறு

மன்னார் வளைகுடாக் கரையில் வாழும் மீனவ மகளிர் கடலில் மூழ்கிப் பாசி சேகரித்து வாழ்க்கை நடத்துகின்றனர். அவர்கள் எடுப்பனவற்றுள் கஞ்சிப்பாசி என்பது ஒன்று. கட்டக்கோரை என்பது மற்றொன்று. கஞ்சிப்பாசியினின்று அகர் என்னும் கூழ்ப்பொருளும், கட்டக்கோரையினின்று அல்ஜினிக் அமிலமும் எடுக்கப்படுகின்றன. இரண்டும் கடலில் வளர்வன. இரண்டனையும் பாசி என்றே நாம் வழங்குகின்றோம். ஆயினும் கஞ்சிப்பாசி செம்பாசியினம். கட்டக்கோரை பழுப்புப் பாசியினம். முன்னது ஆர்க்கேபிளாஸ்டிடா, பின்னது டிசார். ஆதலின் கரையில் நிற்கும் தென்னைக்குக் கஞ்சிப்பாசி உறவேயன்றி, தன் பக்கத்தே அலையில் ஆடும் கட்டக்கோரைக்கு அத்துணை உறவன்று. கண் ஒன்று கூறும்; ஏடு வேறொன்று கூறும். ஏட்டின் கூற்றே பொருளிலும் மெய்ப்படுகின்றது. இரண்டும் தரும் சரக்கு வேறாயிருத்தல் காண்க.

இவ்வறிவால் வரும் பயன்

குலம் யாதாயினென்ன, பெயர் யாதாயினென்ன, இவற்றால் வயிறு நிரம்புமோ என்று வினவுவார் உளர். அவர்க்கு விடையாக மூன்று செய்திகளைக் கூறுவாம்.

1845-ஆம் ஆண்டு முதல் அயர்லாந்து தேசத்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும்பஞ்சம் உண்டாயிற்று. ஏறத்தாழப் பத்து லக்ஷம் மக்கள் பசியாலும் நோயாலும் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் நாடு துறந்து சென்றனர். பயிரை அழித்தது பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிர். நீலகிரியில் உருளைக்கிழங்கு பயிரிடுவோரும் அந்நோயை அறிவர். அது நூல்போற் படர்ந்து வித்துப் பரப்புதலின் நெடுங்காலம் காளானென்றே எண்ணப்பட்டது. உண்மையில் அது ஸ்ட்ராமினோபைல் கூட்டத்தது; டையாட்டத்திற்கும் கட்டக்கோரைக்கும் உறவினது. காளானின் அணுச்சுவர் கைட்டின் என்னும் பொருளாலாயது. இதன் சுவரோ பெரும்பாலும் செல்லுலோஸ் முதலியவற்றாலாயது. காளான் தன் உறைக்கு வேண்டும் எர்கோஸ்டிரால் என்னும் பொருளைத் தானே ஆக்கிக்கொள்வது. பைட்டோப்தோரா அவ்வாறு ஆக்குவதன்று. எனவே எர்கோஸ்டிரால் ஆக்கத்தைத் தடுத்துக் காளானைக் கொல்லும் மருந்துகள் இதனிடத்துப் பயன்படா. குலமறியாது மருந்து தெளித்தவன் பொருளையும் இழந்தான், பயிரையும் இழந்தான்.

இரண்டாவது, மலேரியா. 1880-ஆம் ஆண்டில் அல்ஜீரியாவில் பிரெஞ்சு மருத்துவர் லாவெரான் நோயாளியின் இரத்தத்தில் அதன் கிருமியைக் கண்டனர். 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 20-ஆம் நாள் ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் அதனைக் கொசுவின் வயிற்றிற் கண்டனர். நூறாண்டு கழிந்து, 1990-க்குப் பிற்பட்ட ஆராய்ச்சியில் வியத்தகு செய்தி ஒன்று வெளிப்பட்டது. அக்கிருமியினுள்ளே நிறமிழந்து சுருங்கிய பசுங்கணிகம் ஒன்றுளது! அதன் முன்னோர் செம்பாசியை விழுங்கிப் பெற்ற பழஞ்சொத்து அது. இருட்டில், பிறர் குருதியில் வாழும் உயிருக்கு வெயிலை உணவாக்கும் கருவி எற்றுக்கு? ஒளிச்சேர்க்கையை விட்டொழித்தும், வாழ்க்கைக்கு இன்றியமையாத வேறு சில பொருள்களை அது அவ்வறையிலேயே ஆக்கிக்கொள்கின்றது. பசுங்கணிகம் பாக்டீரியாவின் வழித்தோன்றல் என்பதை மேலே கண்டோம். டாக்சிசைக்ளின், கிளிண்டாமைசின் முதலிய, பாக்டீரியாவைத் தடுக்கும் மருந்துகள் மலேரியாவிலும் பயன்படுதற்குக் காரணம் அவ்வறையைத் தாக்குதலே. நம் உடலில் அவ்வறை இல்லை. ஆதலின் அதனைத் தாக்கும் புதிய மருந்துகளையும் விஞ்ஞானிகள் நாடுகின்றனர். இக்கிருமிக்கு உறவாய், இன்றும் ஒளிச்சேர்க்கை செய்து வாழும் குரோமெரா என்னும் உயிர் ஆஸ்திரேலியாவின் சிட்னித் துறைமுகத்துப் பவளப்பாரிற் கிடைத்து, 2008-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டமை இக்குடிவரலாற்றை உறுதிப்படுத்திற்று.

மூன்றாவது, காலா அசார் என்னும் கொடிய காய்ச்சல். மண்ணீரல் வீங்கி உடல் மெலிந்து மடியச்செய்வது அந்நோய். 1903-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் லீஷ்மன் என்பாரும், சென்னை நகரில் அரசாங்க மருத்துவசாலையிற் பணியாற்றிய டோனவன் என்பாரும் தனித்தனியே அதன் கிருமியைக் கண்டனர். இருவர் பெயரையும் இணைத்து லீஷ்மேனியா டோனவனி என்று ராஸ் பெயரிட்டனர். காய்ச்சல் விளைக்கும் தன்மையால் மலேரியாக் கிருமிக்கு இது உறவாகுமோ என்று தோன்றும். அன்று. லீஷ்மேனியா டிஸ்கோபாக் குலத்தது. குளத்திலே பசுமையாய் நீந்தும் யூக்லினாவே அதன் உறவினம். இரண்டு காய்ச்சற் கிருமிகட்கும் இடையேயுள்ள தூரம், மலேரியாக் கிருமிக்கும் பழுப்புப் பாசிக்கும் இடையேயுள்ள தூரத்தினும் பெரிது. ஒன்றற்கு ஏற்ற மருந்து மற்றொன்றற்கும் ஏற்கும் என்று கொள்ளுதல் தவறென்பது இதனாற் பெறப்படும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தோற்றத்தை நோக்கிய பகுப்பு நீங்கி, பிறப்புமுறையை நோக்கிய பகுப்பு எழுந்தவாறும், ஐந்து இராச்சியங்கள் பெருங்குலங்களாய் மாறியவாறும் ஒருவாறு விளங்கும். மற்றொன்றும் விளங்கும். விலங்கும் செடியும் காளானுமே உயிருலகம் என்று எண்ணியிருந்தோம். அவை மூன்றும் இரண்டே குலங்களின் சில கிளைகளாய் அடங்கிவிட்டன. எஞ்சிய குலங்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தோன்றாத சிற்றுயிர்களால் நிரம்பியவை. மக்களின் பெருமை இதனாற் குறைந்ததென்று வருந்துதல் வேண்டா. சுற்றம் பெரிதென்று அறிந்தவன் வறியவனாதல் இல்லை.

மாணவ நண்பர்காள்! இத்துறையிற் செய்யத்தக்கன இன்னும் பல உள. 2018-ஆம் ஆண்டில் ஹெமிமாஸ்டிகோபோரா என்னும் சிற்றுயிர்கள் எக்குலத்தினும் அடங்காத தனிக்குலமென்று கனடா தேசத்து டல்ஹௌசிச் சர்வகலாசாலையார் நிறுவினர். அவ்வுயிர்கள் கிடைத்தது எவ்வாறு? அங்குப் பயின்ற யானா எக்லிட் என்னும் ஆராய்ச்சி மாணவி நடைப்பயணம் சென்றபொழுது வழியில் எடுத்துவந்த சிறிதளவு மண்ணை நீரில் நனைத்து வைத்து, வாரக்கணக்காகப் பூதக்கண்ணாடியில் நோக்கிக்கொண்டிருந்தனர், அதனாற் கிடைத்தன. 2022-ஆம் ஆண்டிலும் புரோவோரா என்னும் மற்றொரு குலம், பிற சிற்றுயிர்களை வேட்டையாடி உண்ணும் நுண்ணுயிர்களாலாயது, புதிதாக வெளியிடப்பட்டது. பெருங்குலமொன்று காலடி மண்ணிற் கிடந்தும், நோக்குவார் இன்மையின் அறியப்படாதிருந்தது. நம் நாட்டுக் குளங்களும் கழிகளும் வயற்சேறும் அம்மண்ணினும் எளியன அல்ல. அவற்றின் ஒரு துளியைக் கண்ணாடியின் கீழ் வைத்து நோக்குதற்கு வேண்டுவது பெருஞ்செல்வமன்று. கண்டதைக் கண்டவாறு வரைந்து குறித்துவைக்கும் ஒழுங்கும், பெயர் தெரியாததைத் தெரிந்த பெயரால் அழைத்து விடாத நேர்மையுமேயாம்.